தரம் கட்டாயம், எடுத்து எழுதினா குத்தமா?

நம்ம திருவொற்றியூர் ஹைரோட்டுக் கடையில விக்கிற போன்லயும் தமிழ் எழுத்து ஒழுங்கா தெரியணும். ஐ.எஸ். 16333 (பகுதி 3)ங்கிற இந்தியத் தரம் அதைக் கட்டாயமாக்குது. ரொம்ப நல்ல விஷயம்!

அந்தத் தரத்துல இருந்து நாலு வரியை ஒரு ஓப்பன் சோர்ஸ் தமிழ் கீபோர்டோட கையேட்டுல அப்படியே போடலாமா? கூடாதாம். பி.ஐ.எஸ். சட்டம் 2016, பிரிவு 11: அனுமதி இல்லாம ஒரு பகுதியைக்கூட வெளியிடக் கூடாது. சொந்த உபயோகத்துக்கு நகல் எடுத்துக்கலாம், அவ்ளோதான்.

"இலவசமா டவுன்லோடு பண்ணலாமே"ன்னு சப்பைக்கட்டு கட்டாதீங்க சாமி. படிக்க விடுறது வேற, எடுத்தாள விடுறது வேற.

"சொந்த வார்த்தையில எழுதிக்கோ"ம்பாங்க. தரத்துல 'ஷல்'னா கட்டாயம், 'ஷுட்'னா வெறும் பரிந்துரை. ஒரு சொல் மாறினா விதியே மாறிடும்!

2004லயே போசிக்ஸ் தரத்தோட வரிகளை லினக்ஸ் மேன் பக்கங்கள்ல சேர்க்க ஐ.இ.இ.இ.யும் ஓப்பன் குரூப்பும் அனுமதி குடுத்தாங்க. முரண்பாடு வந்தா மூலப்பிரதிதான் செல்லும்னு ஒரு குறிப்பும் போடச் சொன்னாங்க. அதனால போசிக்ஸ் ஒண்ணும் முழுகிடலை.

நம்மாளுங்களும் அதையே செய்யலாமே? கட்டாயம்னு சொல்றவங்க, எடுத்துச் சொல்லவும் விடணும். என்ன சொல்றீங்க மக்களே?