பம்ப்செட், பல்செட், செட் தோசை



இந்த இதழில் வரும் மொழிபெயர்ப்புச் சிறுகதையின் ஒரு வரி எங்களை ஒரு மாலை முழுக்கப் பிடித்துவைத்துக்கொண்டது. கதையில் ஒரு தாய் மகனின் கடிதத்தைப் படித்து முடிக்கிறாள். அவள் முகம் ‘செட்’ ஆனது என்கிறது ஆங்கில மூலம். கப்பல் துறைச் சொற்களையெல்லாம் தயங்காமல் கடந்துவந்த மொழிபெயர்ப்பாளர் இந்த மூன்றெழுத்தில் வந்து நின்றுவிட்டார். ‘முகம் இறுகியது’ என்று எழுதினார். கோபம் கூடிவிடுகிறதே என்றேன். ‘உறைந்தது’ என்றால் அதிர்ச்சி வந்துவிடுகிறது. ‘உறுதி தெரிந்தது’ என்றால் கதை போய் விளக்கவுரை ஆகிவிடுகிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் ‘அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை’ என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த வரிதான் அச்சாகியிருக்கிறது.

அன்றிரவே ‘செட்’டைத் தேடிப் போனேன். 1989-இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள் கொண்டது. அத்தனையிலும் மிக நீளமான பதிவு ‘செட்’ என்கிற வினைச்சொல்லுக்குத்தான். தனித்து வரும்போது மட்டும் 430 பொருள். வேறு சொற்களோடு கூடி வருபவை தனி. எல்லாம் சேர்த்துச் சுமார் 60,000 சொற்கள். ஒரு நாவலே எழுதிவிடலாம். பிறகு நடந்த திருத்தத்தில், 2011 வாக்கில், ‘ரன்’ என்ற இன்னொரு மூன்றெழுத்துச் சொல் 645 பொருளோடு முன்னால் போய்விட்டது. அதைப் பிரித்து அடுக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியருக்கு ஒன்பது மாதம் ஆனதாம். ஒரே சொல்லோடு ஒன்பது மாதம் குடியிருந்த அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

இந்தச் சொல்லின் வேர் எளியது. ஆங்கிலத்தில் ‘சிட்’ என்றால் உட்கார். அதன் பிறவினைதான் ‘செட்’, அதாவது உட்கார வை. நம் ‘அமர்’, ‘அமர்த்து’ போல. இது பிடிபட்டதும் பல பூட்டுகள் தாமாகத் திறந்துகொண்டன. அவர்கள் ஊரில் மாலைச் சூரியன் உட்காருகிறது. கொட்டிய கான்கிரீட் உட்காருகிறது. வைத்தியர் முறிந்த எலும்பை அதன் இடத்தில் உட்கார வைக்கிறார். பொற்கொல்லர் மோதிரத்தில் கல்லை உட்கார வைக்கிறார். அந்தத் தாயின் முகத்துக்கும் அதுதான் நேர்ந்திருக்கிறது. கடிதம் முடியும்வரை அலைந்துகொண்டிருந்தது, முடிந்ததும் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டது.

கூட்டம், தொகுதி என்று பொருள்படும் ‘செட்’ வேறு குடும்பம். லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவரைப் பின்பற்றிப் போகிறவர்கள் என்பது அதன் பழைய பொருள். இரண்டு ஆறுகள் கலந்து ஒரே பெயரில் ஓடுகின்றன.

நம் ஊருக்கு இரண்டும் வந்து சேர்ந்தன. நான் நீச்சல் கற்றது பம்ப்செட் தொட்டியில். மைக்செட்காரர் வந்து குழாயைக் கட்டிய பிறகுதான் அது கல்யாண வீடு என்றே ஊருக்குத் தெரியும். தாத்தா இரவில் பல்செட்டைக் கழற்றித் தம்ளர் தண்ணீரில் போட்டுவைப்பார். அதைப் பார்க்கவே எங்களுக்குப் பயம். காலேஜில் ‘எங்க செட்டு’ என்றால் எங்களோடு படித்தவர்கள். ஹோட்டலில் செட் தோசை. பள்ளிக்கூடத்தில் மட்டும் அது வேட்டி கட்டிக்கொண்டு ‘கணம்’ ஆகிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் ‘கண மொழி’ இதுதான். அந்தக் கணத்துக்குள்ளும் ஒரு நொடி இருக்கிறது, சிவனோடு ஆடும் பூதகணமும் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘செட் ஆகலை’. ‘அந்த ஊர்த் தண்ணி அவனுக்கு செட் ஆகலை’ என்று ஓர் அம்மா சொல்கிறாள். பொருந்தவில்லை, ஒத்துவரவில்லை, மனம் ஒட்டவில்லை என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறாள். லண்டன்காரரிடம் இப்படிச் சொன்னால் விழிப்பார். சொல்லைத்தான் வாங்கினோம், இந்தப் பொருள் இந்த மண்ணில் முளைத்தது. இதைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பக்கங்களில் வரும் உரையாடல்களில் இதை வெட்டுவதும் இல்லை.

தமிழில் ‘செட்’டுக்கு உறவு தேடினால் ‘வை’ வந்து நிற்கிறது. குழம்பு வைக்கிறோம், பொட்டு வைக்கிறோம், பெயர் வைக்கிறோம், நகையை அடகு வைக்கிறோம். ஆசை வைப்பதும் இதே வினைதான், பிறர் பிள்ளைமேல் கண் வைப்பதும் இதேதான். ‘கை வைத்தான்’ என்றால் அடி. ‘சிரிக்க வைத்தான்’ என்று இன்னொரு வினையின் தோளில் ஏறிக்கொள்ளும். ‘வைத்தான்’ என்பதில் ஓர் ஒற்றை எடுத்துவிட்டால் ‘வைதான்’, திட்டிவிட்டான்! தமிழ் கற்க வரும் வெளிநாட்டுப் பிள்ளை ‘வை’க்கு என்ன பொருள் என்று கேட்டால், கில்லிவரைப் போல ஒன்பது மாதம் அவகாசம் கேட்கத்தான் வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கு அத்தனை பொருளும் எங்கிருந்து கிடைத்தன? உங்களைப் போன்ற வாசகர்களிடமிருந்து. 1879-இல் அந்த அகராதியின் ஆசிரியராகப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மர்ரே, படிக்கும்போது கண்ணில் படும் வாக்கியங்களைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்று பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். சீட்டின் இடது மேல் மூலையில் சொல். கீழே வாக்கியம், நூல், பக்கம், ஆண்டு. லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு, அறை அறையாகத் தடுத்த அலமாரிகளில் அடுக்கினார். வந்துபோகும் தபாலைப் பார்த்து, ஆக்ஸ்ஃபோர்டில் அவர் வீட்டு வாசலிலேயே அஞ்சல் துறை ஒரு பெட்டி நட்டது. காசியில் சமஸ்கிருதம் கற்பித்த ஃபிட்ஸ்எட்வர்டு ஹால் ஊதியம் ஏதும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கொடுத்தார். 1915-இல் மர்ரே காலமானார்; அகராதியின் முதல் பதிப்பு 1928-இல்தான் முடிந்தது.

நாமும் ஒரு சின்னக் கொட்டகை போடலாம் என்று ஆசைப்படுகிறேன். ‘செட்’, ‘வை’ இரண்டும் உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் எப்படியெல்லாம் புழங்குகின்றன? காதில் விழுந்தபடியே ஒரு வாக்கியம், சொன்னவருக்கு எந்த ஊர் என்ற குறிப்பு, அவ்வளவு போதும். அஞ்சலட்டையே தாராளம். திருத்தி எழுத வேண்டாம். பாட்டி சொன்னது பாட்டி சொன்னபடியே வரட்டும்.

முதல் சீட்டு வந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் அக்கா, மாடித் தொட்டியைப் பார்த்துவிட்டு இறங்கிவந்து சொன்னார்: “மல்லிச் செடி மொட்டு வெச்சிருக்கு சார்.” ஆங்கிலத் தோட்டக்காரர்களும் இந்த இடத்தில் ‘செட்’ என்றுதான் சொல்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்