நான்காவது துளையை அடைத்தது யாருக்கு லாபம்?

பந்தில் துளையை எந்த இடத்தில் போடுவது? இதுவும் ஒரு பிரச்னையா என்று வாசகர்கள் கேட்கலாம். அமெரிக்காவில் பௌலிங் ஆடுகிறவர்களுக்கு இது பணப் பிரச்னை, மானப் பிரச்னையுங்கூட!

எண்ணெய் பூசிய 60 அடிப் பாதையில், 16 ராத்தல் வரை எடையுள்ள பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை வீழ்த்துவதே இந்த ஆட்டம். பந்தின் வயிற்றுக்குள் கனத்த கரு ஒன்று உண்டு. விரல் துளைகள் அந்தக் கருவுக்கு எந்தப் பக்கம் அமைகின்றனவோ, அதைப் பொறுத்தே பந்து வளையும்.

கருவின் உச்சியைக் காட்ட, பந்தின் மேல் ஒரு வண்ணப் புள்ளி இருக்கும். ஆடுபவர் வீசும்போது பந்து சுழலும் அச்சின் முனைக்கும் இந்தப் புள்ளிக்கும் சுமார் 3⅜ அங்குல இடைவெளி இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுப் பரப்பு பாதையைத் தொடும், பிடிப்பு கூடும். புள்ளி அச்சின் மேலேயே அமைந்தால் பிடிப்பு குறையும்.

துளை பொருந்தவில்லையென்றால்? பிசின் ஊற்றி அடைத்து, இறுகியபின் தேய்த்து, வேறிடத்தில் துளைக்கிறார்கள். பழைய பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது போலத்தான்! ஆனால் பல காலம் எண்ணெய் குடித்த மேற்பரப்பின் வேகம் புதுத் துளையால் மட்டும் திரும்பாது.

முன்பு இதைவிட எளிய வழி ஒன்று இருந்தது. விரல் நுழையாத நான்காவது துளையைப் போட்டுப் பந்தின் போக்கைத் திருத்தினார்கள். அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் 2020 ஆகஸ்ட் 1 முதல் தன் போட்டிகளில் அதைத் தடுத்துவிட்டது. ஒவ்வொரு வீச்சிலும் விரல் நுழையாத துளை பந்தில் இருக்கக் கூடாது என்பது விதி. அதற்கு ஈடாக, 10 ராத்தலுக்கு மேற்பட்ட பந்துகளில் பக்கவாட்டு எடை வித்தியாசத்துக்கு இருந்த 1 அவுன்ஸ் வரம்பு 3 அவுன்ஸாக உயர்ந்தது.

விதி எளியது, நடுவருக்குச் சோதிப்பதும் சுலபம். எனினும் பாரம் யார் தலையில் விழுந்தது? பத்துப் பந்து வைத்திருப்பவர் ஒன்றை ஒதுக்கிவிட்டு மற்றொன்றை எடுப்பார். ஒரே பந்தை நம்பியிருப்பவரோ துளையை அடைக்கக் கூலி கொடுக்க வேண்டும். பந்தின் பழைய போக்கையும் இழக்க வேண்டும்.

ஆகவே, முதல் துளைக்கு முன்பே அச்சை அளந்து கொள்வதுதான் புத்திசாலித்தனம். அளக்க ஆகும் நேரம் சில நிமிஷங்கள். தவறினால் நஷ்டம் ஒரு பந்து!