என்ன ஜாதி நாய்?

எங்க மணி செத்துப் போய் ரெண்டு மாசம் ஆகுது. பதிமூணு வருஷம் கொல்லையைக் காத்த நாய். அதுக்கப்புறம் போன் பண்றவங்க, சென்னையிலிருந்து ஊருக்கு வர்றவங்க, எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க. "அடுத்து என்ன ஜாதி நாய் வாங்கப் போறீங்க?"

ஒருத்தர் ராஜபாளையம்னார். இன்னொருத்தர் சிப்பிப்பாறைதான் நம்ம மண்ணோட பெருமைன்னார். பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை பாக்கற ஒரு தம்பி, "அண்ணே, கோம்பை வாங்குங்க, நான் பாதி காசு போடறேன்"னு சொன்னான். நல்ல மனசு. ஆனா ஒருத்தர்கூட, "உங்களுக்கு நாய் எதுக்கு, அதுக்கு என்ன வேலை?"ன்னு கேக்கலை. மாடு வாங்கணும்னா பாலுக்கா உழவுக்கான்னு கேக்கறோம். நாய்னா மட்டும் ஜாதியைக் கேக்கறோம்.

இந்த ஜாதி நாய்ங்கிற வார்த்தையே எனக்கு ஆகாது. அப்போ மத்த நாயெல்லாம் ஜாதி கெட்டதா? தெற்கே சில ஊர்கள்ல காலனிக்காரங்க ஆண் நாய் வளர்க்கக் கூடாதுன்னே கட்டுப்பாடு இருந்ததுன்னு பத்திரிகையில வந்திருக்கு. அவங்க நாய் ஊர்த்தெரு பொட்டை நாய்கிட்டப் போயிடுமாம்! நாய் வரைக்கும் இந்தப் புத்தியைக் கொண்டுபோனவங்க நாம. அந்தப் புத்தியே இப்போ 'தூய ரத்தம்'னு பேர் மாத்திக்கிட்டு விலைக்கு வருது.

என் தேவையைச் சொல்றேன். ரெண்டு ஏக்கர் கொல்லை, பாதிக்கு மேல மல்லாட்டை. பதினோரு ஆடு. காட்டோரம்ங்கறதால காய் பிடிக்கிற நேரத்துல பன்னி கூட்டமா வரும். ஒரு ராத்திரி விட்டா, காலையில ஏர் ஓட்டின மாதிரி கிடக்கும் நிலம். கடன் வாங்கிப் போட்ட விதையெல்லாம் அதோட போச்சு. இதுக்கு நாய் என்ன செய்யணும்? பன்னியோட சண்டை போடணும்னு பட்டணத்துல நினைக்கிறாங்க. நல்லா வளர்ந்த ஆண் பன்னி நூறு கிலோ வரும், கோரைப் பல்லால ஒரு கிழி கிழிச்சா நாய் குடல் வெளியே வந்துடும். பன்னி வேட்டைக்குன்னே வளர்த்த ராஜபாளையம் நேரா உள்ளே போய் மோதும். அதோட வீரம் எனக்கு எதுக்குங்க? எனக்குச் சண்டை போடற நாய் வேணாம், சத்தம் போடற நாய் வேணும். நாட்டு நாய் இருபது அடி தள்ளி நின்னுக்கிட்டு, இங்கே ஓடி அங்கே ஓடிக் குலைச்சுக்கிட்டே இருக்கும். நான் டார்ச் எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள பன்னி போயிடும். நாயும் முழுசா இருக்கும், நானும் முழுசா இருப்பேன்.

ராஜபாளையத்தைக் குறை சொல்றேன்னு கோவப்படாதீங்க. அழகான நாய். 2005ல தபால் தலையே வந்துச்சு. ஆனா அந்த வெள்ளை நிறத்துக்கு அது கொடுத்த விலை பலருக்குத் தெரியாது. உடம்புக்கு நிறம் கொடுக்கற அணு உள்காதுலயும் இருக்கணும். அங்க இல்லாமப் போனா காது கேக்காது. வெள்ளை வெள்ளைன்னு தேடி, நிறமாப் பொறந்த குட்டியை ஒதுக்கி, வெள்ளையோட வெள்ளையையே சேர்த்து வந்ததுல செவிட்டுக் குட்டிங்க நிறைய. எங்க ஊருக்குக் கிழக்கால ஒருத்தர் மூணு வருஷம் முன்னாடி பண்ணை வீடு கட்டினார். பத்தாயிரத்துக்கு மேல கொடுத்து வாங்கின ராஜபாளையம், கேட்டுப் பக்கத்துல சங்கிலியில கிடக்கு. பின்னாடி நின்னு கை தட்டினாலும் திரும்பாது. அவர் சனிக்கிழமை வருவார், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போயிடுவார். மத்த அஞ்சு நாளும் வாட்ச்மேன் வைக்கிற தயிர் சாதமும் சங்கிலியும்தான். காவலுக்கு வாங்கின செவிட்டு நாயை, தெருவுல போற நாட்டு நாய் குலைச்சுக் காக்குது. இது நம்ம இனத்தைக் காப்பாத்தறதாம்!

சிப்பிப்பாறை, கன்னி கதை வேற. கண்ணால பாத்துத் துரத்தற நாய்ங்க அதுங்க. சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டுல மரம் மட்டை மறைக்காது, கண்ணுக்கெட்டின தூரம் வெட்டவெளி. முயலைத் துரத்திப் பிடிக்க அந்த நிலம் செஞ்ச உடம்பு அது. முயல் வேட்டையை 1972 வனவிலங்குச் சட்டம் தடுத்துடுச்சு, அது சரிதான். வேலை போயிடுச்சு, ஓட்டம் போகலையே? அந்த நாயை மூணாவது மாடி பால்கனியில கட்டிவெச்சு, மாலையில பதினைஞ்சு நிமிஷம் தெருவுல நடத்திட்டு, பாரம்பரியம்னு படம் போடறாங்க. என் கொல்லைக்கும் அது சரிப்படாது. ஓடற எதையும் துரத்தணும்னு அதுக்கு ரத்தத்துல இருக்கு, என் ஆட்டுக்குட்டிங்க நாள் பூரா ஓடறதுங்க.

கோம்பை காவலுக்கு நல்லதுதான், மறுக்கலை. ஆனா தேனிப் பக்கம் போய்ப் பாத்தவங்களே, அசல் கோம்பை தேடினாலும் கிடைக்கலைன்னுதான் சொல்றாங்க. செவலை உடம்பு, கருப்பு மூஞ்சி இருந்தா எல்லாம் கோம்பைன்னு விக்கிற காலம் இது.

சீமை நாய் பத்தி அதிகம் பேசத் தேவையில்லை. சைபீரியாக்காரன் பனியில வண்டி இழுக்க வெச்சிருந்த ஹஸ்கியைச் சித்திரை மாச வேலூர்ல வளர்க்கறவங்ககிட்ட என்ன பேசறது? நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, இரைச்சுத்தான் சூட்டைத் தணிச்சுக்கும். ரெட்டை மயிர் போர்த்தின நாய் எவ்வளவுதான் இரைக்கும்? 2003ல ஒரு செல்போன் விளம்பரம் வந்து பக் நாய் வீட்டுக்கு வீடு போச்சு. மூக்கே இல்லாத நாய்க்கு மூச்சு விடறதே வேலை.

2020 ஆகஸ்ட்ல பிரதமர் வானொலியில ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு பேர் சொல்லி, நாய் வளர்க்கறதுன்னா நம்ம இந்திய இனத்தை வளருங்கன்னார். மறுபடியும் சொல்றேன், இனம் அழியக் கூடாதுங்கறதுல எனக்கும் சந்தோஷம்தான். அந்தந்த மண்ணுல தலைமுறையா வெச்சு, காது கேக்குதா, காலு நேரா இருக்கான்னு பாத்துச் சேர்க்கறவங்க கொஞ்சம் பேர் இருக்காங்க. அவங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். அப்படிப்பட்டவங்களை எண்ணிடலாம், குட்டி வித்துக் காசு பாக்கறவங்களை எண்ண முடியாது. காளை காக்கறோம்னு கிளம்பினப்பவும் இதைத்தான் பாத்தோம். காளை வாங்கிப் படம் எடுத்தவங்க அதிகம், சாணி அள்ளினவங்க குறைவு.

'இனம்'னு சொல்றதுக்குள்ள வராத நாய்தான் இந்த மண்ணுல அதிக காலம் இருக்கு. அதை யாரும் நிறம் பாத்துச் சேர்க்கலை. வெயிலும் பசியும் நோவும் பாத்துப் பாத்துக் கழிச்சு மிச்சம் விட்டது அது. எங்க மாவட்டத்துல, செங்கம் பக்கத்து எடுத்தனூர்ல ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஆயிரத்து நானூறு வருஷம் ஆகுது. எருமை மந்தைக்காகச் செத்த ஒரு வீரனுக்கு வெச்ச கல்லு. அவனோட நாயையும் பக்கத்துலயே செதுக்கியிருக்காங்க. கோவிவன்னு நாயோட பேரு இருக்கு, ரெண்டு கள்ளனைக் கடிச்சுக் காத்து நின்னதுன்னு இருக்கு. என்ன ஜாதி நாய்னு அந்தக் கல்லுல எழுதலை. எழுதணும்னு அவங்களுக்குத் தோணலை.

நாட்டு நாய்னா கடிக்குமே, வெறி நாய் ஆகுமேன்னு கேப்பீங்க. கேக்க வேண்டிய கேள்விதான். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் நாய்க்கூட்டம் பட்டிக்குள்ள புகுந்து ஆடு ஆடாக் கொன்னு, விவசாயிங்க ரோட்டுக்கு வந்தாங்க. அந்த வயித்தெரிச்சல் எனக்குத் தெரியும், நானும் ஆடு வெச்சிருக்கேன். ஆனா அது ஜாதியோட கோளாறு இல்ல. ஆள் இல்லாத நாய், கறிக்கடைக் கழிவை ரோட்டோரம் கொட்டினா கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தா வேட்டைப் புத்தி வரும். இன்னொரு பக்கம் பாருங்க. 2024 மே மாசம் நுங்கம்பாக்கம் பூங்காவுல அஞ்சு வயசுக் குழந்தையைக் குதறினது ரெண்டு ராட்வைலர், காசு கொடுத்து வாங்கின நாய்ங்கதான்.

அதனால எங்க வீட்டுக்கு எப்படிப் பாக்கறோம்னு சொல்றேன், உங்களுக்கும் உபயோகப்படும். குட்டியைப் பாக்கறதுக்கு முன்னாடி தாயைப் பாக்கணும், அதுவும் ராத்திரியில. ஆள் வந்தா குலைக்குதா, குலைச்சுட்டு நிக்குதா, இல்ல பாய்ஞ்சு கடிக்குதா? ஆட்டைப் பாத்தா என்ன பண்ணுது? அப்புறம் குட்டிங்க பின்னாடி நின்னு கை தட்டணும். திடுக்குன்னு திரும்பிப் பாத்து, பயந்தாலும் மறுபடி மோந்து பாக்க வர்ற குட்டி நல்ல குட்டி. ரெண்டு மாசம் தாய்கிட்டயும் கூடப் பொறந்ததுங்ககிட்டயும் இருக்கட்டும். எவ்வளவு கடிச்சா வலிக்கும்னு அது அங்கதான் கத்துக்கும். முப்பது நாள்ல பிடுங்கிட்டு வந்தா அந்தப் பாடம் போச்சு. வந்ததும் ஆட்டுப் பட்டி ஓரமா சாக்கு போட்டுப் படுக்க வெச்சா, ஆடும் அதுக்குச் சொந்தம்னு ஆயிடும். பார்வோவுக்கு ஊசி, மூணாவது மாசம் வெறிநாய்க்கடி ஊசி, ஒரு மாசத்துல மறுபடி ஒண்ணு, அப்புறம் வருஷா வருஷம். களியோ கூழோ சோறோ நாம திங்கறதுதான் அதுக்கும், வாரத்துல ஒரு நாள் முட்டை.

இன்னொண்ணு, பொட்டைக் குட்டிதான் எடுக்கப் போறோம். கடுவன் குட்டியைப் போட்டி போட்டு எடுத்துட்டுப் போயிடறாங்க. பொட்டைங்களைச் சாக்குல கட்டி ஏரிக்கரையில விட்டுட்டு வர்றது எங்க ஊர்லயும் நடக்குது, உங்க நகர்லயும் நடக்குது. மிச்சம் பொழைச்சது ரோட்டுல குட்டி போட்டு, அந்தக் குட்டிங்கதான் நாளைக்குக் கூட்டமாகுது. கருத்தடை பண்ணினா தீரும். ஆனா எங்க கிராமத்துலயிருந்து ஒரு நாயைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி டவுனுக்குப் போகணும். கண்டக்டர் ஏத்த மாட்டார். ஆட்டோ பிடிச்சா ரெண்டு நாள் கூலி போயிடும். நாட்டு நாய் காப்போம்னு பனியன் அச்சடிச்சு, கண்காட்சி நடத்தி, கோப்பை கொடுக்கறீங்க. அந்தக் காசுல வருஷத்துக்கு ரெண்டு தடவை ஒரு டாக்டரையும் வேனையும் இந்தப் பக்கம் அனுப்புங்க. பஞ்சாயத்து ஆபீஸ் திண்ணையில இடம் நான் கேட்டு வெக்கிறேன், வர்றவங்களுக்குச் சாப்பாடு எங்க வீட்டுல.