மொட்டைக் கடிதம் ஒழிய வழி என்ன?

மொட்டைக் கடிதம் பழைய காலத்துத் தொல்லை. அதில் பெயர் இருக்காது. பழி மட்டும் இருக்கும்.

அந்தக் கடிதம் ஒரு வீட்டுக்குத்தான் போகும். இன்று பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுகிற மொட்டைக் கடிதம் ஊருக்கே போகிறது. ஒரு பெண்ணின் படத்தை ஒட்டு வேலை செய்து, பொய்ப் பெயரில் வெளியிடுகிறான் ஒரு கயவன். அவமானம் அவளுக்கு. மறைவிடம் அவனுக்கு!

"அடையாள அட்டையைக் காட்டினால்தான் எழுதலாம் என்று சட்டம் வேண்டும்" என்று பலர் கேட்கிறார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால், இந்த மருந்தை ஒரு நாடு ஏற்கனவே சாப்பிட்டுப் பார்த்து விட்டது.

அந்த நாடு, தென் கொரியா.

2007-ம் ஆண்டில் அங்கே சட்டம் வந்தது. பெரிய இணையதளங்களில் கருத்து எழுத விரும்புகிறவர், தாம் யார் என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும்.

வதந்தி நின்றதா? இல்லை. சட்டம் அமலில் இருக்கும்போதே, புகழ்பெற்ற நடிகை சோய் ஜின்-சில் பற்றி வதந்தி பரவியது. மனம் உடைந்திருந்த அவர், 2008 அக்டோபரில் தற்கொலை செய்து கொண்டார்.

2009-ல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். தினமும் 1 லட்சம் பேர் வரும் தளங்களும் அதற்குள் வந்தன.

2011 ஜூலையில் பேரிடி விழுந்தது. நேட், சைவேர்ல்டு என்ற இரண்டு தளங்களில் இணையத் திருடர்கள் புகுந்தார்கள். 3½ கோடி பேருடைய விவரங்கள் களவு போயின. அந்த நாட்டின் ஜனத்தொகையே சுமார் 5 கோடிதான்!

2012 ஆகஸ்டில் அங்குள்ள அரசியல் சட்டக் கோர்ட்டு, "இந்தச் சட்டம் செல்லாது" என்று ஒருமனதாகத் தீர்ப்புக் கூறியது. தகாத எழுத்து குறையவில்லை. மக்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போனதுதான் மிச்சம் என்பதைக் கோர்ட்டு சுட்டிக் காட்டியது.

பெயரை மறைக்கிறவர் எல்லாரும் கயவர் அல்ல. மேலதிகாரி லஞ்சம் வாங்குவதை வெளியே சொல்லும் குமாஸ்தாவும் பெயரை மறைக்கிறார். குடிகாரக் கணவனிடம் அடிபட்டு, யோசனை கேட்கும் மனைவியும் மறைக்கிறாள். பெயர் தெரிந்தால் அவருக்கு வேலை போகும். அவளுக்கு உயிரே போகலாம்.

"பெயரை வெளியே காட்ட மாட்டோம். கம்பெனியிடம் பத்திரமாக இருக்கும்" என்று சிலர் சொல்லலாம். கொரியாவிலும் புனைபெயரில் எழுத முடிந்தது. உண்மைப் பெயர் கம்பெனியிடம்தான் இருந்தது. அங்கிருந்துதான் திருட்டுப் போனது!

அப்படியானால் கயவனை விட்டு விடுவதா? கூடாது. பொய்ப் பெயரில் எழுதுகிறவனும் தடயம் வைத்து விட்டுத்தான் போகிறான். கணக்குத் தொடங்கிய டெலிபோன் நம்பர் இருக்கும். எந்த இணைப்பிலிருந்து எழுதினான் என்ற பதிவு இருக்கும். புகார் வந்தவுடன் போலீசார் அதைக் கேட்க வேண்டும். கம்பெனிகள் தாமதம் செய்யாமல் கொடுக்க வேண்டும். அவதூறுப் படம் உடனே நீக்கப்பட வேண்டும்.

இந்திய சர்க்கார் 2021-ல் கொண்டு வந்த விதிகள், விரும்புகிறவர் அடையாளத்தை நிரூபித்துக் கொள்ள வழி செய்தன. அது போதும். விருப்பம் என்பது கட்டாயமாக மாறக் கூடாது.

திருடனைப் பிடிக்க, திருடனைத்தான் துரத்த வேண்டும். ஊரில் உள்ள சாவிகளை எல்லாம் வாங்கி ஒரே பெட்டியில் போட்டால், திருடனுக்கு வேலை சுலபமாகி விடும்.