வீட்டில் படித்த பட்டம் வெளிநாட்டில் பறக்குமா?

இரவு மணி 10.

தென் கொரியாவின் தலைநகரம் சியோல். தனிப் பயிற்சிப் பள்ளிகளில் விளக்குகள் அணைகின்றன. இரவு 10 மணிக்கு மேல் அங்கே பாடம் நடத்தக் கூடாது. அது அந்த நகரத்தின் விதி. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறார்கள்.

ஆங்கில வாத்தியாரும் தன் அறைக்குத் திரும்புகிறார். ஆனால், அவர் படுக்கவில்லை! கம்ப்யூட்டரைத் திறக்கிறார். இதுவரை வாத்தியார், இனி அவர் மாணவர்!

பல்கலைக்கழகம் இருப்பது இங்கிலாந்தில். மாணவர் இருப்பது கொரியாவில். பாடம் வருவது ஆன்லைனில். இரண்டு, மூன்று ஆண்டுகள் இப்படிப் படித்தால், "எம்.ஏ." பட்டம் கிடைக்கும். செலவு, நம் ஊர்க் கணக்கில் பல லட்சம் ரூபாய்!

கொரியாவிலும், ஜப்பானிலும், சீனாவிலும் இப்படிப் படிக்கிற ஆங்கில ஆசிரியர்கள் பலர். கண் விழித்துப் படிக்கிறார்கள். சேர்த்த பணத்தைக் கட்டுகிறார்கள்.

அந்தத் தூக்கமும் பணமும் திரும்பி வருமா? பட்டம் அவர்களை உயர்த்துமா?

உயர்த்தும். ஆனால், எல்லோரையும் அல்ல!

முதல் படிக்கு எம்.ஏ. வேண்டாம்

ஜப்பான் அரசு 1987-ல் ஒரு திட்டம் தொடங்கியது. அதற்கு "ஜெட்" என்று பெயர். வெளிநாட்டு இளைஞர்களை அழைத்து, பள்ளிக்கூடங்களில் உதவி ஆசிரியராக அமர்த்துவது அந்தத் திட்டம். கொரியா 1995-ல் அதே போன்ற ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு "எபிக்" என்று பெயர்.

இந்த வேலைகளுக்கு என்ன படிப்பு வேண்டும்? சாதாரண பி.ஏ. அல்லது பி.எஸ்சி. பட்டம்தான் அடிப்படை! தனிப் பயிற்சிப் பள்ளிகளும் அதைத்தான் கேட்கின்றன.

கொரியாவில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே பெரும்பாலும் அந்த வேலை. அதாவது, முதலில் பார்ப்பது பட்டத்தை அல்ல, பாஸ்போர்ட்டை!

இது நியாயமா? இல்லை. ஆங்கிலத்தை அருமையாகச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் எந்த நாட்டிலும் பிறக்கலாம். ஆனால், விதி அப்படித்தான் இருக்கிறது. எத்தனை பட்டம் வாங்கினாலும் பாஸ்போர்ட்டின் நிறம் மாறாது.

இந்தியருக்கு ஒரு சிறு வாசல் திறந்தது. இந்தியாவும் கொரியாவும் செய்த பொருளாதார ஒப்பந்தம் 2010-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இந்திய ஆங்கில ஆசிரியரும் அங்கே உதவி ஆசிரியராகப் போக வழி உண்டு. அதற்கு என்ன வேண்டும்? பட்டமும், ஆசிரியர் தகுதிச் சான்றும். அங்கேயும் எம்.ஏ. கட்டாயம் அல்ல!

ஆகவே, இன்னும் ஒரு நாள் கூட வகுப்பில் நிற்காத இளைஞர், "எம்.ஏ. வாங்கினால்தான் வெளிநாட்டு வேலை" என்று நினைத்துக் கடன் வாங்கினால், அது வீண் செலவு.

எங்கே வேண்டும்?

பிறகு எதற்காக இவ்வளவு பேர் படிக்கிறார்கள்?

காரணம் இருக்கிறது. பி.ஏ.யுடன் போனவர் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடுவார். ஜப்பானின் "ஜெட்" திட்டத்தில் அதிகம் போனால் 5 ஆண்டு. அதற்கு மேல் இடம் இல்லை. கொரியத் தனிப் பயிற்சிப் பள்ளியில் வேலை நேரம் அதிகம்; விடுமுறை குறைவு. 25 வயதில் அது விளையாட்டாக இருக்கும். 35 வயதில், மனைவியும் குழந்தையும் வந்தபிறகு, அது பாரமாக இருக்கும். குழந்தை தூங்கியபிறகு வீட்டுக்கு வரும் தகப்பன், எத்தனை நாள் அப்படி ஓட முடியும்?

அப்போது கண்ணில் படுவது, பல்கலைக்கழக வேலை. கொரிய அரசுப் பள்ளியில் வாரத்துக்கு 22 மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் பொதுவாக அதைவிடக் குறைவு. கோடையிலும் குளிர்காலத்திலும் நீண்ட விடுமுறை. மரியாதையும் அதிகம்.

அந்த வாசலில் எம்.ஏ. கேட்கிறார்கள். ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் பல, எம்.ஏ.யோடு ஆராய்ச்சிக் கட்டுரைகளும் கேட்கின்றன.

வேலையை விட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பி, ஓர் ஆண்டு கல்லூரியில் உட்கார்ந்து படிக்க எல்லோராலும் முடியுமா? முடியாது. சம்பளம் நிற்கும், வாடகை நிற்காது! அதனால்தான் ஆன்லைன் படிப்பு. பகலில் சம்பாதித்து, இரவில் படிக்கலாம். காலையில் படித்ததை மாலையில் வகுப்பிலேயே செய்து பார்க்கலாம்.

இப்படிப்பட்டவருக்கு அந்தப் பட்டம் கைகொடுக்கும். சந்தேகம் இல்லை.

தபாலில் படித்தால் மட்டமா?

"வீட்டில் உட்கார்ந்து வாங்கிய பட்டம்தானே!" என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். தமிழ்நாட்டிலும், "தபாலில் படித்தவர்" என்று கேலி பேசியது உண்டு.

இந்தக் கேலி தவறு.

லண்டன் பல்கலைக்கழகம் 1858-ம் ஆண்டே, வெளியூரில் இருந்து படிப்பவருக்குத் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1969-ல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1971-ல் பாடம் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களும், குடும்பப் பெண்களும் அதில் படித்துப் பட்டம் பெற்றார்கள்.

நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபடியே தென் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். 1989-ல் பட்டம் பெற்றார். அதுவும் தபால் படிப்புதான்! அவரை யார் மட்டம் என்று சொல்வார்கள்?

படித்த இடம் வீடா, கல்லூரியா என்பது பெரிதல்ல. பட்டம் கொடுத்தவர் யார் என்பதே பெரிது. நல்ல பல்கலைக்கழகம் கொடுத்தால் மதிப்பு உண்டு. பணம் கட்டியதும் பட்டம் அனுப்பும் போலிக் கடைகளும் உலகத்தில் இருக்கின்றன. அந்தக் காகிதம் வடை மடிக்கத்தான் உதவும்!

மூடிய கதவு

நல்ல பல்கலைக்கழகத்தில் படித்தாலும் ஆபத்து ஒன்று உண்டு. பட்டத்தை மதிக்க வேண்டியது, கொடுத்த நாடு மட்டும் அல்ல. வேலை கொடுக்கும் நாடும்தான்.

சீனாவில் நடந்ததைப் பாருங்கள். கொரோனா காலத்தில் வெளிநாட்டுப் படிப்பை ஆன்லைனில் படித்தவர்களுக்குச் சீனா சலுகை காட்டியது. 2023 ஜனவரியில் அந்தச் சலுகை நின்றது! ஆன்லைனில் பெறும் வெளிநாட்டுப் பட்டத்துக்கு இனிமேல் அங்கீகாரம் கிடையாது என்று, பட்டங்களைச் சரிபார்க்கும் சீன அரசு நிலையம் அறிவித்தது. நேரில் போய்ப் படியுங்கள் என்றது.

ஓர் அறிவிப்பு! ஒரே நாள்! பாதிப் படிப்பில் இருந்தவர்களின் கணக்கு தலைகீழானது.

பட்டம் அதேதான். ஒரு நாட்டில் அது தங்கம். இன்னொரு நாட்டில் தகரம்.

திரை சொல்லித் தராதது

இன்னொரு குறையும் உண்டு. மொழி எப்படிப் பிறந்தது, இலக்கணம் எப்படி இயங்குகிறது, தேர்வுத்தாள் எப்படித் தயாரிப்பது, இவற்றை எல்லாம் திரை சொல்லித் தரும். ஆனால், வாயே திறக்காத 40 பிள்ளைகளைப் பேச வைப்பது எப்படி? அதைத் திரை சொல்லித் தராது. நீச்சலைத் தண்ணீரில்தான் கற்க வேண்டும்!

லண்டனில் 1962-ல் ஜான் ஹேகிராப்ட் என்பவர், ஆங்கில ஆசிரியர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அது பிற்காலத்தில் "செல்டா" என்ற சான்றிதழாக வளர்ந்தது. அது மொத்தம் 120 மணி நேரம். அதில் 6 மணி நேரமாவது, உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து குறை, நிறை எழுதுவார்.

புதியவருக்கு முதலில் வேண்டியது இந்த மாதிரிப் பயிற்சிதான். எம்.ஏ. அதற்குப் பிறகு வரட்டும்.

பிள்ளைகள் குறைகிறார்கள்

எம்.ஏ. வாங்கினால் பல்கலைக்கழக வேலை நிச்சயமா? அதுவும் இல்லை.

கொரியாவில் குழந்தைப் பிறப்பு 2023 வரை குறைந்துகொண்டே வந்தது. 2023-ம் ஆண்டு கணக்குப்படி, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை! ஒன்று கூட இல்லை! அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் பேர்தான். குழந்தை இல்லாவிட்டால் மாணவர் ஏது? மாணவர் இல்லாவிட்டால் வாத்தியாருக்கு வேலை ஏது?

இடம் குறைகிறது, எம்.ஏ. படித்தவர் கூடுகிறார்கள். ஆகவே, எம்.ஏ. இப்போது ஓட்டப் பந்தயத்தில் சேர்வதற்கான சீட்டு. பரிசு அல்ல! வெளிநாட்டு ஆசிரியருக்குப் பல்கலைக்கழகத்திலும் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். நிரந்தரம் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பணம் கட்டுவதற்கு முன்பு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: எந்த நாட்டில், எந்த வேலைக்காக இந்தப் பட்டம்? "எதற்காவது உதவும்" என்று படித்தால், எதற்கும் உதவாமல் போகலாம்.

இரண்டு: அந்த நாடு ஆன்லைன் பட்டத்தை ஏற்கிறதா? இதைப் பட்டம் விற்பவரிடம் கேட்கக் கூடாது. மாட்டுத் தரகரிடம் மாட்டின் வயதைக் கேட்பது போல ஆகிவிடும்! வேலை கொடுப்பவரிடமும், அந்த நாட்டுத் தூதரகத்திலும் கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். பட்டம் உண்மையானதுதான் என்று அரசு முத்திரை வைத்துக் கொடுக்கும் சான்றும் வேண்டியிருக்கும். அது கிடைக்குமா என்றும் விசாரிக்க வேண்டும்.

மூன்று: பட்டத்தால் கூடும் சம்பளம், கட்டிய பணத்தை எத்தனை ஆண்டில் திருப்பித் தரும்? பேனாவை எடுத்துக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால், தயங்க வேண்டாம். கண் விழிக்கலாம், படிக்கலாம். சில ஆண்டு பாடம் நடத்தி, தொழிலில் கால் ஊன்றியவருக்கு, அந்தப் பட்டம் அடுத்த படி. ஒன்றும் தெரியாமல் தொடங்குகிறவருக்கு, அது பெரிய சுமை.

முதலில் பாடம் நடத்து. பிறகு பட்டம் வாங்கு! இதுதான் சரியான வரிசை.

வானத்தில் விடும் பட்டமும் அப்படித்தான். கடையில் வாங்கியதும் அது பறந்துவிடாது. நூல் வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். நூலைப் பிடிக்கப் பழகிய கையும் வேண்டும்.

கை பழகியவரிடம் பட்டம் பறக்கும்!