கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் இடம்

 

இஷாத் தொழுகை முடிந்த நேரம். உடன்குடியில் ஒரு வீட்டில் கைபேசி ஒலிக்கிறது. அழைப்பவர் துபாயில் இருக்கும் கணவர். அதுவரை அழுதுகொண்டிருந்த மனைவி, முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையின் முன் அமர்கிறாள். “எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீங்கள் கவலைப்பட வேண்டாம்.” பேசி முடித்ததும் மறுபடியும் அதே அழுகை. உறக்கமில்லை. மூன்று மாதக் குழந்தையைத் தூக்கவும் மனமில்லை. இப்படி ஒரு வீட்டை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அது உங்கள் வீடாகவே இருக்கவும் கூடும்.

நம் பகுதி ஆண்கள் சஃபர் போவது நேற்றுத் தொடங்கியதன்று. அன்று கொழும்பு, இன்று வளைகுடா. கடிதத்திற்குக் காத்திருந்த காலம் போய், தினமும் முகம் பார்த்துப் பேசும் காலம் வந்துவிட்டது. ஆயினும் சொல்ல முடியாதது சொல்ல முடியாததாகவே நிற்கிறது!

வீட்டுப் பெரியவர்கள் ஓதிப் பார்க்கிறார்கள், தண்ணீர் ஓதிக் கொடுக்கிறார்கள். துஆவின் ஆறுதலை யார் மறுப்பார்? ஆனால் நோய்க்கு மருத்துவமும் செய்துகொள்ளும்படி கூறியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்களே. கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர், காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாமல் வரும் துயரம் வேறு என்று பிரித்து, முன்னதற்குப் பேச்சாலும் சிந்தனையாலும், பின்னதற்கு உடல் வழியாகவும் சிகிச்சை சொன்னார். பிரசவத்திற்குப் பின் வரும் மனச்சோர்வும் ஒரு நோயே. அதனை ஈமானின் குறைவென்று பழிப்பது அறியாமை.

சிகிச்சையை மறந்ததன் விலையையும் நம் கடற்கரை கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடை செய்துள்ளது.

சிகிச்சைக்குப் போகலாம்தான். ஆனால் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறி மனநலப் பிரிவின் வாசலில் உட்கார்ந்தால், ஊர் திரும்புமுன் செய்தி திரும்பிவிடும். நாளை மகளைப் பெண் கேட்டு வருவோர் அதனையும் விசாரிப்பார்களே என்ற அச்சம்! இந்த அச்சத்திற்குத்தான் கைபேசி வழிச் சிகிச்சை ஒரு பதில். இது புதுமையும் அன்று. சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் நிறுவனம் 2010-லேயே ஒரு பஸ்ஸில் திரையமைத்துப் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு அனுப்பியது. நோயாளி பஸ்ஸினுள் அமர்ந்தார், மருத்துவர் சென்னையிலிருந்து பேசினார்.

எதிர்முனையில் இருப்பவர் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மனநல சமூகப் பணியாளர் என்போர் உளர். சமூகப் பணியில் முதுகலையும் அதன்மேல் மனநலத்தில் எம்.ஃபில். பயிற்சியும் பெற்றவர்கள். 2017 சட்டம் இவர்களை அங்கீகரித்துள்ளது. மருந்து எழுத மாட்டார்கள். பொதுவாக வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம் பேசுவார்கள். எப்போது அழுகை வருகிறது, எந்த நினைப்பு முதலில் வருகிறது, குழந்தை உறங்கும்போது நீங்களும் உறங்குகிறீர்களா, வீட்டில் யாரிடம் எந்த வேலையை ஒப்படைக்கலாம் என்று கேட்டு, அடுத்த வாரத்திற்குள் செய்யத்தக்க ஒரு சிறு காரியத்தைச் சொல்வார்கள். நீங்கள் இசைந்தால் மட்டுமே கணவரோடோ மாமியாரோடோ பேசுவார்கள். பெண் பணியாளரே வேண்டுமென்று கேட்பதில் தவறேதுமில்லை.

ஆனால் கல்வித் தகுதியையும் பதிவையும் முதலில் கேளுங்கள். மூன்றே நாளில் குணமென்பவரையும், மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவரையும் உடனே விட்டுவிடுங்கள். யாரையும் தெரியாதெனில் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட அரசின் டெலிமானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

கைபேசி போதாத நிலையும் உண்டு. காதில் குரல் கேட்கிறது என்றாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ குழந்தைக்குத் தீங்கு செய்யும் எண்ணமோ வந்தாலோ, அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஊர் பேசினால் பேசட்டும்.

இனி மாமியார்மார்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் அறைகள் பல இருந்தும், ஒரு பெண் தனியே பேச இடமிருப்பதில்லை. யாரிடம் பேசுகிறாள் என்று கதவருகே காதை வைப்போரும் உண்டு, கோபிக்க வேண்டாம்! மருமகள் பேச வேண்டிய அந்த முக்கால் மணி நேரம், குழந்தையை உங்கள் மடியில் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுங்கள். என்ன பேசினாய் என்று பிறகு கேட்கவும் வேண்டாம்.