179ஆம் நாளில் தீர்ந்துபோகும் ஏழ்மை

அரசு மருத்துவக் காப்பீட்டு முகாம் எங்கே நடந்தாலும் மேடையில் ஒரே பேச்சுதான். ஐந்து லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு இருக்கிறதாம். எந்த ஏழைப் பிள்ளைக்கும் காசில்லாமல் சிகிச்சை நிற்காதாம். அட்டை எடுக்காமல் இருப்பது பெற்றோரின் அலட்சியமாம். பேசுகிறவர் மாறுகிறார், பொன்னாடை மாறுகிறது, வசனம் மட்டும் வருஷக்கணக்காக அப்படியே இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து உத்தனப்பள்ளியில் நின்று அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, திட்டம் பெரிய திட்டம் என்கிறார்கள். இருக்கட்டும். 2009இல் கலைஞர் பெயரில் வந்தது, 2012இல் முதலமைச்சர் பெயரில் மறுபடி வந்தது, 2018இல் பிரதமர் திட்டத்தோடும் சேர்ந்தது. பெயர்களுக்குப் பஞ்சமில்லை.

இரண்டாவது, ஏழையாக இருந்தால் அட்டை உண்டு என்கிறார்கள். இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்று இருந்த வரம்பை 1,20,000 ஆக உயர்த்தினார்கள். மாதம் பத்தாயிரம். அதற்கு மேல் ஒரு ரூபாய் வந்தாலும் அந்தக் குடும்பம் ஏழை இல்லை.

நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26க்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 336 ரூபாய். சந்தைக் கூலியை விடுங்கள், அரசாங்கமே போட்ட இந்தக் கூலியையே எடுத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் சேர்ந்தால் நாளுக்கு 672. ரோஜாப் பசுமைக்குடிலிலோ தக்காளித் தோட்டத்திலோ இந்தக் கூலிக்கு இருவரும் போகிறார்கள் என்று வையுங்கள். 178 நாள் வரை அவர்கள் ஏழை. 179ஆம் நாள் சாயங்காலம் கூலியை எண்ணி வாங்கும்போது கையில் 1,20,288 ரூபாய். பிள்ளையின் காப்பீடு அங்கேயே போயிற்று. அட்டை நிலைக்க வேண்டுமென்றால் மீதி 187 நாளும் இருவரும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். உழைத்தால் முன்னேறலாம் என்று அதே மேடையில் அடுத்தவர் பேசுவார்.

ஆனாலும் லட்சக்கணக்கான குடும்பங்களிடம் அட்டை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான். எப்படி வந்தது என்பது ஊருக்கே தெரியும். வருமானச் சான்றில் வரம்புக்குள் அடங்கும் ஒரு தொகை இருந்தால் போதும். அந்தத் தொகையில் ஒரு மாதம் குடும்பம் நடத்திக் காட்டச் சொன்னால் சான்று கேட்டவராலும் முடியாது, கொடுத்தவராலும் முடியாது. பிள்ளையின் இதயத்துக்கு அறுவை தேவை என்றால் தாய் முதலில் ஒரு பொய்யான எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கூச்சத்தில் பின்வாங்கியவளுக்கு மேடையில் வைத்திருக்கும் பெயர் அலட்சியம். பொய் சொல்லத் துணிந்தவளுக்கு அட்டை, உண்மை சொன்னவளுக்கு உபதேசம்!

மூன்றாவது, கம்பெனி வேலைக்குப் போனால் இ.எஸ்.ஐ. இருக்கிறது என்கிறார்கள். ஓசூரைச் சுற்றி ஆலைகள் வந்துகொண்டே இருப்பதால் இது இங்கே நன்றாக எடுபடும். இ.எஸ்.ஐ. என்பது சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பவருக்கு. ஒப்பந்தக்காரர் வேலையை நிறுத்தினால், கொஞ்ச நாளில் பிள்ளையின் வைத்தியமும் நிற்கும். ஆலை வாசலில் டீக்கடை வைத்திருப்பவருக்கும், ஷேர் ஆட்டோ ஓட்டுபவருக்கும் அந்தப் பட்டியலே கிடையாது. மாதம் பன்னிரண்டாயிரம் வந்தால் அவர்கள் காப்பீட்டுக்குப் பணக்காரர்கள், இ.எஸ்.ஐ.க்கு யாரோ.

நான்காவது, பக்கத்திலேயே பெங்களூரு இருக்கிறது என்கிறார்கள். இருக்கிறது, அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம். வேறு மாநிலத்தில் செல்லுபடியாகும் வசதி பிரதமர் திட்டப் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்குத்தான். அந்தப் பட்டியலுக்கு அடிப்படை 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு. அதற்குப் பிறகு கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பட்டியலில் தேடுவது?

ஐந்தாவது, ஐந்து லட்சம் என்ற அந்தத் தொகை. அது படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கும், அறுவைக்கும், குறிப்பிட்ட சில பரிசோதனைகளுக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அடிக்கடி வருவது காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இளைப்பு. ஷிப்ட் முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு வரும் தாய் தனியார் கிளினிக்கில் ஃபீஸ், மருந்து, ரத்தப் பரிசோதனை என்று கொடுப்பதில் ஒரு ரூபாய்கூட அட்டையிலிருந்து வராது. தாய்லாந்து 2002இல் கொண்டுவந்த 30 பாட் திட்டத்தில் புறநோயாளி சிகிச்சையும் சேர்த்தே இருந்தது. அவர்கள் ஊரிலும் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும் போலிருக்கிறது.

கடைசியாக, எல்லாருக்கும் கொடுக்க நிதி எங்கே என்பார்கள். 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு 70 வயது நிரம்பிய எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் ஐந்து லட்சம் காப்பீடு என்று தொடங்கியது. கோடீஸ்வரத் தாத்தாவும் அதில் அடக்கம். 2021இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பெரியவர்களின் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வந்தது. நல்ல காரியம். தாத்தாவிடம் வயது கேட்கத் தெரிந்த அரசுக்குப் பேத்தியிடம் மட்டும் வருமானம் கேட்கத் தோன்றுவது ஏன்? தாத்தாவுக்கு ஓட்டு உண்டு என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

மாநிலத் திட்டத்தில் 2022இல் தொடங்கிய ஒப்பந்தப்படி ஒரு குடும்பத்துக்கு அரசு கட்டும் ஆண்டு பிரீமியம் 849 ரூபாய். இருவர் சேர்ந்து சம்பாதிக்கும் இரண்டு நாள் கூலிகூட இல்லை. இதற்கா இத்தனை சான்றுகள்? பதினெட்டு வயது வரை பிறப்புச் சான்றிதழே போதும் என்று ஓர் ஆணை போடுங்கள். அது வரும்வரை, அடுத்த முகாம் மேடையில் அலட்சியம் என்ற பேச்சு எழுந்தால், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எழுந்து 179ஆம் நாள் கணக்கைக் கேட்க வேண்டும்.